குதிரை நடனம் அல்ல டிரெஸ்ஸாஜ்: இளங்குதிரையோடு தொடங்குபவர்களுக்கு

கல்யாண ஊர்வலத்தில் மேளச் சத்தத்துக்கு முன்னங்கால்களைத் தூக்கித் தூக்கி வைக்கும் குதிரையை நம் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. அதனாலோ என்னவோ, டிரெஸ்ஸாஜ் என்ற குதிரைப் பயிற்சி முறையின் பெயரைச் சொன்னதுமே "குதிரை டான்ஸா?" என்று கேட்டுவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அனுஷ் அகர்வல்லா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் டிரெஸ்ஸாஜ் குழுப் பிரிவில் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஆசியத் தங்கம் அது. அந்தக் காணொளிகள் கைப்பேசிகளில் சுற்றிவந்தபோதும் இதே பேச்சுதான்: குதிரை ஆடுகிறது, என்ன அழகாக ஆடுகிறது!

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிப்பட்டினத்திலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் குதிரை வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வண்டிப் பந்தயத்துக்கு, ஊர்வலத்துக்கு, வெறும் ஆசைக்கு என்று காரணங்கள் பல. இரண்டு, மூன்று வயதுக் குதிரையை வாங்கிக் கட்டிவிட்டு, "இதற்கு டிரெஸ்ஸாஜ் பழக்க எத்தனை நாளாகும்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி தவறான இடத்தில் நின்று கேட்கப்படுகிறது. அதற்குப் பலியாவது குதிரையின் முதுகும் வாயும்தான் என்பதால், அடிப்படையிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

டிரெஸ்ஸாஜ் என்பது எது?

முதுகில் மனிதன் ஏறிய பிறகும், ஏறாதபோது இருந்த அதே இலகுவோடும் நேரான உடலோடும் நடக்கவும் ஓடவும் நிற்கவும் குதிரையைப் பழக்கும் முறைதான் டிரெஸ்ஸாஜ். சவாரியாளர் தரும் சின்னச் சின்னச் சைகைகளைக் குதிரை பதற்றமில்லாமல் புரிந்துகொள்வது இதில் பாதி. தன் உடலைத் தானே தாங்கிக்கொள்ளும் வலுவை வளர்த்துக்கொள்வது மறுபாதி.

போட்டி என்பது இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கும் தேர்வு. 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் கொண்ட மைதானம்; தொடக்க நிலைக்கு 40 மீட்டர் நீளமே போதும். ஓரங்களில் ஏ, கே, இ, ஹெச், சி, எம், பி, எஃப் என்ற எழுத்துப் பலகைகள் நிற்கும். எந்த எழுத்தருகில் நடையை மாற்ற வேண்டும், எங்கே வட்டம் போட வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார். எல்லாம் கூட்டிச் சதவீதமாகச் சொல்வார்கள்.

தொடக்க நிலைத் தேர்வில் கேட்கப்படுவது என்ன தெரியுமா? நேராக உள்ளே வர வேண்டும். நடக்க வேண்டும். சீராக ஓட வேண்டும். 20 மீட்டர் வட்டம் ஒன்றை வட்டமாகவே போட வேண்டும். அசையாமல் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இருந்த இடத்திலேயே கால் மாற்றிக் கால் தூக்கி வைக்கும் அசைவெல்லாம் உச்ச நிலையான கிராண்ட் பிரீயில் வருபவை. அந்த நிலையில் பன்னாட்டுப் போட்டிக்குள் நுழையவே குதிரைக்குக் குறைந்தது 8 வயதாகியிருக்க வேண்டும். நாம் காணொளியில் பார்த்து வியப்பது பல ஆண்டு உழைப்பின் கடைசிப் பக்கம்.

இன்னொரு தவறான எண்ணம், வலுவான ஆளால்தான் குதிரையை அடக்க முடியும் என்பது. டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரை மேல் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டும். ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் பெண்கள் முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட 1952 ஹெல்சின்கி போட்டியில், ஆண்களோடு போட்டியிட்டு அவர் வெள்ளி வென்றார். 1956இலும் வெள்ளி. உதைத்து ஓட்டும் கால் அவருக்கு இல்லை. அவருடைய குதிரைக்கு உதையும் தேவைப்படவில்லை.

சுருக்கமாக: டிரெஸ்ஸாஜ் ஒரு வித்தை அல்ல, உடற்பயிற்சியும் மொழிப் பயிற்சியும் சேர்ந்த ஒரு பழக்கம். போட்டி அதன் தேர்வு மட்டுமே.

குடம் சுமப்பவருக்குத் தெரிந்த உண்மை

குடிதண்ணீருக்காக நெடுந்தூரம் நடந்த பெண்கள் நிறைந்த மாவட்டம் இது. தலையில் குடம் வைத்து நடந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், நிறைகுடத்தைவிட அரைக்குடம்தான் சிரமம் என்பார்கள். நிறைகுடத்துக்குக் கனம் அதிகம். ஆனாலும் அது தலையோடு தலையாக நிற்கும். அரைக்குடத்துத் தண்ணீர் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் அலம்பும். அலம்பும் திசையில் கழுத்து இழுபடும். அதைச் சமாளிக்கத் தோள் இறுகும், இடுப்பு இறுகும், அடி குட்டையாகும். நாலு எட்டில் சோர்ந்துபோவார்கள்.

சவாரியில் குதிரைதான் சுமப்பவர், நாம்தான் குடம். சமநிலை தெரியாத சவாரியாளர் குதிரையின் ஒவ்வொரு அடிக்கும் அலம்புகிறார். அலம்பும்போது விழாமலிருக்கக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்குகிறார். அது குதிரையின் வாயில் இழுக்கிறது. கால்களால் விலாவை இறுக்குகிறார். அது "முன்னே போ" என்ற சைகையாகக் குதிரைக்குப் படுகிறது. ஒரே நேரத்தில் "நில்" என்றும் "போ" என்றும் இரண்டு கட்டளைகள். "குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்" என்று பழமொழி சொல்லிக் குதிரையைத் திட்டுகிறோம். அந்தத் தள்ளலுக்கு முன்னால் அதன் வாயிலும் விலாவிலும் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

குடம் சுமக்கும் பெண்ணிடம் கவனிக்க இன்னொன்றும் உண்டு. பாரம் ஏறியதும் அவர் முதுகைத் தொய்யவிட மாட்டார். வயிற்றை உள்வாங்கி, முதுகை நிமிர்த்தி, பாரத்தை இடுப்பு வழியாகக் கால்களுக்கு இறக்குவார். குதிரையும் இதையேதான் கற்றுக்கொள்ள வேண்டும். நான்கு கால் இருப்பதால் அதற்கு இது இயல்பாகவே வந்துவிடும் என்று நினைக்கிறோம், வராது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதுகு எப்படித் தாங்குகிறது

குதிரைக்கு நமக்கிருப்பது போன்ற காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கும் மார்புக்கூட்டுக்கும் இடையே எலும்பு மூட்டே இல்லை. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் மார்புக்கூடு தசைகளால் மட்டுமே தாங்கப்பட்டு நிற்கிறது. தலையும் கழுத்தும் முன்னால் நீண்டிருப்பதால், சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல் விழுகிறது. நாம் உட்காரும் இடமும் முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால்தான். ஆகவே நம் எடையிலும் பெரும்பங்கு ஏற்கெனவே அதிகம் சுமக்கும் கால்களுக்கே போகிறது.

பழக்கப்படாத குதிரை என்ன செய்யும்? எடை விழுந்ததும் முதுகு கீழே தொய்யும், தலை மேலே போகும், பின்னங்கால்கள் பின்தங்கி இழுபடும். இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடினால் முதுகு வலி, முன்னங்கால் தசைநாண் வீக்கம், நொண்டல் என்று ஒவ்வொன்றாக வரும்.

பழக்கப்பட்ட குதிரை வேறு விதம். வயிற்றுத் தசைகளைச் சுருக்கி முதுகை மேலே தூக்கும். பின்னங்கால்களை உடலுக்கு அடியில் நன்றாக முன்னே எடுத்து வைக்கும். தோள்களுக்கு நடுவிலுள்ள தசைகள் மார்புக்கூட்டை உயர்த்திப் பிடிக்கும். முன்பக்கம் இலேசாகும். அப்போது கழுத்து தானாக வளையும், முகம் தானாகச் செங்குத்தை நெருங்கும். போட்டிப் படங்களில் நாம் பார்க்கும் வில் போன்ற கழுத்து இப்படி வருவது.

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. என்னைக் கோபப்படுத்துவதும் இதுதான். பின்னாலிருந்து வரவேண்டிய ஒன்றை முன்னாலிருந்து இழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். கடிவாள வாரைக் குட்டையாக்கிச் சேணத்தோடு கட்டி, முகவாயை மார்போடு சேர்த்து, "பாருங்கள், கழுத்தை எப்படி வளைக்கிறது" என்கிறார்கள். பார்ப்பதற்கு வளைவு இருக்கும். முதுகு தொய்ந்தே கிடக்கும், பின்னங்கால் இழுபட்டே வரும். போதாததற்கு வாயில் ஓயாத வலி. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்காரும். மெல்லிய தோலுக்கு அடியில் நேராக எலும்பு. கட்டி வைத்த கடிவாளம் அந்த எலும்பின் மேல் அழுந்திக்கொண்டே இருக்கும். வாயைத் திறந்து தப்பிக்க முடியாதபடி மூக்குப் பட்டையையும் இறுக்கிவிட்டால் முடிந்தது கதை. மூக்கு எலும்புக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பொது விதி, நுழையாவிட்டால் தளர்த்துங்கள்.

சுருக்கமாக: கழுத்தின் வளைவு ஒரு விளைவு, வழி அல்ல. வேலை நடப்பது முதுகிலும் வயிற்றிலும் பின்னங்கால்களிலும்.

குதிரைக்குப் பாடம் புரிவது எந்த நொடியில்?

குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. தோல் எவ்வளவு நுட்பமானதென்றால், ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறும். ஈயின் எடையை உணரும் உடலுக்கு உதை எதற்கு?

குதிரை கற்பது பெரும்பாலும் அழுத்தத்தாலும் விடுதலையாலும். ஓர் அசௌகரியம் தருகிறோம், சரியான பதில் வந்ததும் அதை எடுத்துவிடுகிறோம். இதில் பலரும் அழுத்தம்தான் பாடம் என்று நினைக்கிறார்கள். இல்லை. அழுத்தம் வெறும் கேள்வி. அதை எடுக்கும் நொடியில்தான் குதிரைக்குப் பாடம் புரிகிறது. தாமதமாக எடுத்தால், அந்தத் தாமதத்தில் குதிரை வேறு என்ன செய்ததோ அதுவே சரி என்று பதிந்துவிடும். எடுக்காமலே விட்டால் அழுத்தத்துக்குப் பொருளே இல்லாமல் போகும். 'வாய் செத்த குதிரை' என்கிறோமே, அது இப்படித்தான் உண்டாகிறது.

இதைச் சேணமே இல்லாமல், தரையில் நின்றே பழகலாம். குதிரையின் இடப்பக்கம், தோளருகில் நில்லுங்கள். மார்பின் நடுவில் ஒரு விரலை வைத்து இலேசாக அழுத்துங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு காது உங்கள் பக்கம் திரும்பும். விரலடியில் தோல் ஒரு முறை சிலிர்க்கும். அழுத்தத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் காத்திருங்கள். குளம்பு தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே, விரலுக்கு எதிராக நின்ற தசை தளர்ந்து, உடலின் கனம் பின்னே நகர்வது உங்களுக்குத் தெரியும். விரலை அப்போதே எடுத்துவிடுங்கள். குளம்பு பின்வைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நின்று கழுத்தைத் தடவிக் கொடுங்கள். மறுபடி செய்தால் சீக்கிரமே நகரும். சில நாட்களில் விரலை மார்பருகில் கொண்டுபோனாலே ஒரு அடி பின்வைக்கும்.

நாளை சேணத்தின் மேலிருந்து கடிவாளத்தைத் தொடும்போது நடப்பதும் இதேதான். காலால் விலாவைத் தொட்டு முன்னே போகச் சொல்லும்போது நடப்பதும் இதேதான். சவாரியாளர் தன் உட்காருமிடத்தாலும் காலாலும் கையாலும் தரும் இந்தத் தொடுதல்களைத்தான் 'சைகை' என்கிறேன். நன்றாகப் பழகிய ஜோடியைப் பார்ப்பவர்களுக்குச் சைகை கண்ணில் படாது. அதனால்தான் குதிரை தானாக ஆடுகிறது என்ற எண்ணம் வருகிறது.

காதைப் பின்னோக்கி ஒட்டவைப்பது, வாலைச் சுழற்றிச் சுழற்றி அடிப்பது, வாயைப் பிளப்பது, மூச்சை அடக்குவது எல்லாம் "எனக்குப் புரியவில்லை" அல்லது "எனக்கு வலிக்கிறது" என்பதற்கான அடையாளங்கள். அடம் என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

எந்த வயதில் முதுகில் ஏறலாம்?

குதிரை உயரத்தில் சீக்கிரமே வளர்ந்துவிடுகிறது. இரண்டு வயதில் பார்த்தால் முழுக் குதிரையாகவே தெரியும். ஆனால் எலும்பு முற்றவில்லை. வளரும் எலும்பின் முனைகளில் 'வளர்தட்டு' எனப்படும் குருத்தெலும்புப் பகுதி இருக்கும். வளர்ச்சி முடிந்ததும் அது கெட்டியாகி மூடிக்கொள்ளும். குதிரையில் இது குளம்பருகே தொடங்கி மேல்நோக்கிப் போகிறது. முன்னங்கால் முட்டியருகே இரண்டு, இரண்டரை வயதில் மூடுகிறது. கடைசியாக மூடுவது முதுகெலும்பு. அதற்கு ஐந்தரை, ஆறு வயதுகூட ஆகும். நாம் உட்காரும் இடமே கடைசியில்தான் முற்றுகிறது.

அதற்காக ஆறு வயது வரை தொடவே கூடாது என்று பொருளல்ல. மூன்று, மூன்றரை வயதில் சேணம் பழக்கி, எடை குறைந்த, சமநிலை தெரிந்த ஒருவர் சில நிமிடங்கள் மட்டும் ஏறலாம். நான்கு வயதில் வாரத்தில் சில நாட்கள், குறுகிய நேரம். ஐந்தில் முறையான வேலை. எலும்புக்கும் தசைநாணுக்கும் இலேசான வேலை நல்லது. அதிக வேலை கெடுதல். எடைக்கும் கணக்கு உண்டு. குதிரை எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள், சேணத்தையும் சேர்த்து, இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு உச்சபட்சம் 70 கிலோ. இளங்குதிரை என்றால் அதற்கும் கீழே நிற்பதே நியாயம்.

பற்களையும் மறக்க வேண்டாம். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஈறு வீங்கியிருக்கும் நாளில் கடிவாளம் போட்டால் நேற்று வரை சாதுவாக இருந்த குதிரை இன்று தலையை உதறும். கடிவாளத்தை மாட்டுவதற்கு முன் உதட்டை விலக்கி ஈறு சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது தினசரி வழக்கமாகட்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கால்நடை மருத்துவர் பல்லைப் பார்க்கட்டும்.

இருவருமே புதியவர்கள் என்றால்

சவாரி தெரியாதவர் இளங்குதிரை வாங்கி "இரண்டு பேரும் சேர்ந்தே கற்றுக்கொள்கிறோம்" என்பது கேட்பதற்கு இனிமையானது. நடைமுறையில் அது இருவருக்கும் ஆபத்து. விடுதலையின் நொடி இன்னும் கைக்குப் பிடிபடாத ஒருவர், அந்த நொடியால் மட்டுமே கற்கும் விலங்குக்கு எப்படிச் சொல்லித் தருவார்? அலம்பும் குடத்தை வைத்துக்கொண்டு சீராக நடக்க எப்படிப் பழகும்?

என் கருத்து உறுதியானது: நீங்கள் பழகிய, வயதான குதிரை ஒன்றில் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் இளங்குதிரை அனுபவசாலி ஒருவரிடம் கற்கட்டும். இரண்டும் ஒரே காலத்தில் நடக்கலாம். பிறகு சந்தித்துக்கொள்ளுங்கள். சென்னை, புதுச்சேரி, கோவை, பெங்களூரு ஆகிய ஊர்களில் குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே போய்ச் சில வாரங்கள் தங்கி, கடிவாளத்தைத் தொடாமல் உட்காரக் கற்றுக்கொண்டு வருவது புதுச் சேணம் வாங்குவதைவிட நல்ல செலவு. பயிற்சியாளர் நீண்ட கயிற்றில் குதிரையைத் தன்னைச் சுற்றி வட்டமாக ஓட்ட, நீங்கள் கையை விரித்து உட்கார்ந்திருக்கும் பயிற்சி அது. 'லஞ்சிங்' என்பார்கள். சலிப்பாகத் தோன்றும். சமநிலை வருவது அதில்தான்.

அதுவரை இளங்குதிரையோடு உங்களுக்கு வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். தலைக்கயிற்றில் தோளோடு தோளாக நடக்கப் பழக்குவது, நான்கு காலையும் தூக்கிக் காட்டப் பழக்குவது, சேணத் துணியை முதுகில் போட்டு எடுப்பது, மோட்டார் சைக்கிள், பஸ் ஹாரன், உலரும் வலை, பறக்கும் பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டிப் பயம் தெளிவிப்பது என்று தரையில் நின்று செய்ய வேண்டியது ஏராளம். இவற்றை எவரும் கற்கலாம், ஏறுவதைவிடப் பாதுகாப்பாக. தலைக்கவசம் மட்டும் தரையிலும் கழற்ற வேண்டாம்.

இந்தக் கரையின் மணலும் காற்றும் தண்ணீரும்

வெளிநாட்டுக் காணொளிகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குதிரை இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் அரபு நாட்டிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் குறித்திருக்கிறார். நம் ஊர்களில் ஐயனாருக்கு மண்குதிரை சுட்டுப் புரவியெடுப்பு நடத்தும் பக்தி இன்றும் குறையவில்லை. உயிருள்ள குதிரைக்கு வேண்டியது வேறு விதமான கவனிப்பு.

முதலில் மணல். கடற்கரையில் ஓடவிட்டால் கால் வலுக்கும் என்று நம்புகிறார்கள். உலர்ந்த, புதையும் மணலில் ஓடினால் காலின் பின்பக்கத் தசைநாண்கள் அளவுக்கு மீறி இழுபடும். இளங்குதிரைக்கு இது கெடுதல். அலை நனைத்த ஓரமோ சில இடங்களில் கல்லாக இறுகிக் கிடக்கும். அதில் ஓடினால் மூட்டுக்கு அதிர்ச்சி. இரண்டுக்கும் நடுவில், குளம்பு ஒரு விரற்கடை மட்டும் பதியும் ஈரமணல்தான் ஏற்றது. அதிலும் தொடக்கத்தில் நடை மட்டும். உள்ளே தள்ளி நிரந்தரமாக 20க்கு 40 மீட்டர் இடம் ஒதுக்க முடிந்தால், கெட்டித்த மண்ணின் மேல் மெல்லிய மணல் பரப்பி, பனைமட்டைகளை ஓரமாக வைத்து எழுத்துப் பலகை நட்டுக்கொள்ளலாம். சீமைக்கருவேல முள்ளைத் தினமும் பொறுக்குங்கள். குளம்பில் முள் ஏறுவது இங்கே சாதாரணம். ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயோ குதிரைகளுக்கு எளிதில் தொற்றிக் கொல்லக்கூடியது. தடுப்பூசி விடுபடக் கூடாது. கருவேலங்காயை மேயவிட்டு வயிறு அடைத்துக்கொண்ட குதிரைகளும் உண்டு.

அடுத்தது வயிற்றுக்குள் போகும் மணல். தரையில் புல்லைப் போட்டால் குதிரை மணலோடு சேர்த்துத் தின்னும். அது பெருங்குடலில் படிந்து கடும் வயிற்றுவலியைக் கொண்டுவரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்றுவலி எப்போதும் அவசர நிலை. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சாணி விழுந்ததும், தரையைத் தொடாத மேல் உருண்டைகளை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் கரையுங்கள். நார் மிதக்கும். கால் மணி நேரம் கழித்துத் தண்ணீரைச் சாய்த்து வடித்துவிட்டு வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். விரலில் மணல் நறநறவென்று படிந்தால் தீவனம் போடும் விதத்தை அன்றே மாற்றி, மருத்துவரிடமும் சொல்லுங்கள். தொட்டியிலோ சிமெண்ட் தளத்திலோ தீவனம் வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

தண்ணீர் ஒரு நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை வேண்டும், வெயில் வேலைக்கு அதற்கு மேலும். நம் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறியிருக்கிறது. உப்பு கரிக்கும் தண்ணீரைக் குதிரை போதிய அளவு குடிக்காது. குடிக்காத குதிரையின் குடல் வறண்டு அடைத்துக்கொள்ளும். வியர்வையில் உப்பு நிறைய வெளியேறுவதால் தனியாக உப்புக்கட்டி வைக்க வேண்டும். அதைக் கிணற்றுத் தண்ணீரின் உப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கடலில் குளிப்பாட்டினால் பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காய்ந்த உப்பின் மேல் சேணம் ஏறினால் தோல் உரியும்.

ஆடி மாதத்தில் ஆண்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாப் பக்கம் அடிக்கும் காற்றில் இளங்குதிரைக்கு எதுவும் காதில் சரியாக விழாது. அதனால் எதைக் கண்டாலும் மிரளும். அந்த நாட்களில் புதுப் பாடம் வேண்டாம். விடியற்காலை, வெயில் ஏறுமுன், பழகிய பாடத்தைச் சிறிது நேரம் செய்துவிட்டு முடித்துக்கொள்வது நல்லது.

முதல் ஆண்டில் செய்ய வேண்டியது

டிரெஸ்ஸாஜ் பயிற்சிக்கு ஜெர்மானியர்கள் வகுத்த ஆறு படிகள் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன: தாளம், இளக்கம், தொடர்பு, உந்துதல், நேர்த்தன்மை, குவிதல். முதல் ஆண்டில் நமக்கு வேண்டியவை முதல் மூன்று மட்டும். மற்றவற்றின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

தாளம் என்பது ஒவ்வொரு நடையிலும் காலடிகள் சீரான இடைவெளியில் விழுவது. 'வாக்' என்ற நடையில் நான்கு கால்களும் தனித்தனியாக விழும், நான்கு தட்டு. 'டிராட்' என்ற ஓட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாக விழும், இரண்டு தட்டு. 'கேண்டர்' என்ற பாய்ச்சல் ஓட்டத்தில் மூன்று தட்டு. இளங்குதிரையிடம் கேண்டரைக் கடைசியாகக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குளம்பொலியை எண்ணிப் பழகினால் தாளம் தப்புவது உடனே காதுக்குத் தெரியும்.

இளக்கம் என்பது தசையில் இறுக்கம் இல்லாமை. முதுகு ஊசலாடும், வால் இலேசாக இருபுறமும் ஆடும், குதிரை மூச்சை நீளமாக விட்டுத் தும்மும். தொடர்பு என்பது குதிரையின் வாய்க்கும் சவாரியாளரின் கைக்கும் நடுவில் உள்ள மென்மையான, அறுபடாத பிடி. அதைக் குதிரைதான் முன்னே நீண்டு வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் பின்னே இழுத்து வாங்குவதல்ல. இளக்கம் வருமுன் தொடர்பைத் தேடினால் மறுபடியும் கழுத்தைக் கட்டும் இடத்துக்கே போய் நிற்போம்.

ஒரு நாள் பயிற்சி இருபது, முப்பது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பாதி நேரம் வாக். பெரிய வட்டங்கள் மட்டும். சின்ன வட்டம் உள்பக்கக் கால்களின் மூட்டுகளுக்குச் சுமை. நன்றாகச் செய்த உடனே நிறுத்துங்கள். இன்னும் ஒரு முறை பார்ப்போம் என்ற ஆசையில்தான் பல நல்ல பாடங்கள் கெட்டுப்போகின்றன.

பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாத நாட்களில் ஈரமணலே நடுவர். குதிரையை வாக்கில் நேராக நடத்திக்கொண்டு போய்விட்டு, திரும்பி வந்து தடத்தைப் பாருங்கள். முன்குளம்பு பதிந்த இடத்திலோ அதைத் தாண்டியோ அதே பக்கத்துப் பின்குளம்பு பதிந்திருந்தால் முதுகு இளகி வேலை செய்கிறது. முதலில் ஆள் ஏறாமல் ஒரு தடம், பிறகு ஆள் ஏறி ஒரு தடம் என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆள் ஏறியதும் பின்குளம்பு முன்குளம்புத் தடத்தை எட்டாமல் குட்டையாக விழுந்தால், சவாரியை அதோடு நிறுத்திவிட்டுச் சேணம் தோள்பட்டையை அழுத்துகிறதா, முதுகைத் தடவினால் எங்காவது சுருங்குகிறதா, ஏறியவர் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்கிறாரா என்று வரிசையாகப் பார்த்துவிட்டு மறுநாள் ஏறுங்கள்.